எமிலி சிஸ்டர் இன்று கூப்பிடவில்லை

சிரிப்பு வரும். சத்தியமாக வரும். என் வகுப்புத் தோழி ரிஸ்வானா பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்து சிரிப்பாள், அப்படி ஒரு சங்கதி கையில் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தால் அதில் என்ன சுகம், நாளைக்கு வகுப்பில் சொல்லும்போது முதலில் இந்த நாற்காலியைத்தான் சொல்ல வேண்டும். மூன்று நாற்காலிகளை ஒரே இரும்புக் கம்பியில் கோர்த்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கடைசியில் இருக்கிற பெரியவர் இருமினால் இந்தக் கடைசியில் நான் துள்ளுகிறேன். அவர் இருமல் மூன்று படி, ஹ்ரூம், ஹ்ரூம், அப்புறம் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல ஒரு குட்டி 'ஆத்தாடி'. அதை நாளைக்குச் செய்து காட்ட ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டேன். சுவரில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தி கூப்பிடுகிறாள், "டோக்கன் எண். இருபத்து. ஆறு." இருபத்துக்கு ஒரு நாள் பேசியிருக்கிறாள், ஆறுக்கு வேறு நாள், நடுவில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் சீட்டு நாற்பத்தொன்று. நடுவில் அம்மா, தங்கபுஷ்பம், ஜவுளிக்கடையில் பதினாறு வருஷ சர்வீஸ், மடியில் ஃபைல், ஃபைல்மேல் ஒரு துணிப் பொட்டலம், அசையாமல் இருக்கிறாள். இடது காது என் பக்கம். வேண்டுமென்றேதான் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்கு வலது காது, எனக்கு இடது காது. காது மடலில் கிளிப் இருக்கிறது, சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு கண்ணாடி வில்லைகள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, நடுவில் தழும்புக் கட்டியை அறுத்து எடுத்த இடம், அதை இரண்டும் சேர்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, வராதே, வராதே, வராதே என்று.

"இன்னைக்கு எமிலி சிஸ்டர் கூப்பிடவே இல்லையே மக்கா," என்றாள் அம்மா. இதோ, இங்கேதான் சிரிப்பு ஒளிந்திருக்கிறது, ஆனால் பொறுங்கள். எமிலி சிஸ்டர் என்று ஒருத்தி இந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, நாகர்கோவிலிலும் இல்லை, பூமியிலேயே இல்லை. எமிலி சிஸ்டர் நான்தான். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தாடையைக் கழுத்துக்குள் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸின் அதட்டலில் பாதி எடுத்து, ரயில் நேரம் சொல்லுகிறவளின் பொறுமையில் பாதி எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் எதிர்வீட்டு மேரிபாய் அக்காவின் "என்னா?" என்பதை ஒட்டவைத்தால் எமிலி சிஸ்டர். வயது நாற்பத்தெட்டு, முட்டுவலி உண்டு, கல்யாணம் ஆகவில்லை, சுண்டல் பிடிக்கும். இதெல்லாம் யாரும் கேட்கவில்லை, நானாக வைத்துக்கொண்டேன், ஆள் என்றால் முட்டு வலிக்க வேண்டாமா. காலை எட்டேகாலுக்கு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தலைவழியாகப் போர்வையைப் போட்டுக்கொண்டு, ரிஸ்வானா தந்த பட்டன் போனில் கூப்பிடுவேன். கீழே அம்மா குளித்துவிட்டு வந்து, கிளிப்பை சோப்புப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் புடவை கட்டிக்கொண்டிருப்பாள். "தங்கபுஷ்பம்மா, கிளிப் போட்டாச்சா, என்னா?" ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டுமென்று செருப்பைத் தரையில் தேய்த்து டிராலி ஓட்டுவேன், முழங்கைக்குள் வாயை வைத்து "டோக்கன் நம்பர் பன்னெண்டு!" என்று தூரத்தில் கத்துவேன், ஒரு கிழவர், ஒரு குழந்தை, ஒரு வார்டுபாய், எல்லாரும் நானே. ஒரு நாள் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கா கத்திவிட்டது, போனிலும் கத்திற்று, மாடியிலும் கத்திற்று. "ஆஸ்பத்திரியில காக்கா உண்டும்மா, கேன்டீன் பக்கத்துல," என்றாள் எமிலி சிஸ்டர். "ஓ," என்றாள் அம்மா.

இன்று காலை எட்டேகாலுக்கு அந்த போன் செத்துக் கிடந்தது. ஆட்டத்தின் ஒரே ஓட்டை அது. ரீசார்ஜ் பேக் முடிந்துவிட்டது. ஊசிக்கும் இருபத்தெட்டு நாள், பேக்குக்கும் இருபத்தெட்டு நாள், இரண்டும் சேர்ந்துதான் முடியும். ரிஸ்வானாவுக்கு அவள் வாப்பாவின் மொபைல் கடை இருக்கிறது, பழைய நம்பர் ஒன்று சும்மா கிடந்ததை அவள்தான் எடுத்துத் தந்தாள், முதல் பேக் முடிந்த அன்றைக்கு ஐயோ போச்சே என்று இருந்தேன், மறுநாள் பார்த்தால் உயிர் வந்திருந்தது. "நீயா போட்டே?" என்று கேட்டதற்கு ரிஸ்வானா பேசாமல் ஒரு கண்ணை மட்டும் அடித்தாள். நட்பு என்றால் அது. அன்றைக்கு ஒரு முட்டை பஃப்ஸ் வாங்கித் தந்தேன். அடுத்த தடவையும் அதேபோல, பஃப்ஸோடு ரோஸ்மில்க்கும். இந்தத் தடவை அவள் காயல்பட்டினத்தில், பெரியம்மா மகள் கல்யாணம், கடை பூட்டு, போன் அணைப்பு. எண்பத்துநாலு நாளில் முதல் தடவையாக எமிலி சிஸ்டர் கூப்பிடவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா போனை எடுத்துப் பார்த்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்புறம் தானே போய் சோப்புப் பெட்டியிலிருந்து கிளிப்பை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. அந்தச் செத்த போனை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

"டோக்கன் எண். முப்பத்து. ஒன்று." பொட்டலத்தைச் சொல்லவில்லையே. அம்மா மடியில் இருக்கிற பொட்டலம் எமிலி சிஸ்டருக்கு. சுடிதார் துணி, இரண்டரை மீட்டர், கடுகு மஞ்சளில் பொடிப்பொடியாக நீலப் பூ. போன மாதம் கடைக்குப் போயிருந்தபோது நான் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்த அதே துணி. "விலை ஜாஸ்தி, வாட்டி போவோம்," என்று அப்போது என்னை இழுத்துக்கொண்டு வந்தவள், இல்லாத ஒருத்திக்கு அதை வெட்டி வாங்கி வந்திருக்கிறாள். நான் உண்டாக்கின பொம்பளை, முட்டுவலிகூட நான் போட்ட பிச்சை, அவள்மேல் எனக்கு வயிறு எரிகிறது. "நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும் மக்கா. தெனமும் கூப்பிடுகாளே, யாரு செய்வா?" "அவங்களுக்கு நைட் டியூட்டியா இருக்கும்மா." "காலையில எட்டேகாலுக்குத்தானே கூப்பிடுவா." "அது... டியூட்டி முடிஞ்சு போற நேரம்." "ஆமா, அப்படியும் இருக்கும்." பொட்டலத்தைத் தடவிவிட்டு, "ஆளு எப்படி இருப்பா? ஒனக்க நிறம் இருப்பாளோ?" என்றாள். "எனக்கு எப்படிம்மா தெரியும்!" "இல்ல, மஞ்சள் எடுத்துட்டேன், எடுக்குமோ எடுக்காதோன்னு கேட்டேன்." கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள், ஒன்றும் சொல்லாமல் கிளிப்பைக் கழற்றி ஃபைலுக்குள் போட்டுவிடுவாள், ஏமாந்தவள் வேறு என்ன செய்வாள், அதுதான் பயம், வேறு எதுவும் பயமில்லை. அது போனால் உருண்டை வரும். முன்னே வந்ததைவிடப் பெரிதாக வரும். டாக்டர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார், அவர் குரல் சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுக்கிற மாதிரி, "அம்மா, வெட்டுறது எனக்கு அரை மணி நேர வேலை. வராம பாத்துக்கறது உங்க ஒரு வருஷ வேலை. வெட்டுனா மட்டும் போதும்னு நெனச்சா அது கோபத்தோட திரும்பி வரும்." கோபத்தோட. அந்த வார்த்தையை மட்டும் என்னால் அவர் குரலில் சொல்லிப் பார்க்க முடியவில்லை இதுவரை.

அதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், சிரிப்பு எங்கேயும் போய்விடாது, இருக்கட்டும். இரண்டாவது காது குத்து என் யோசனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்பு லீவில், பேன்சி ஸ்டோரில் துப்பாக்கி வைத்து டக் என்று குத்துகிறார்கள், வலிக்கவே வலிக்காது, நீயும் போடு நானும் போடுகிறேன், ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பச்சைக்கல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் அரித்து எடுத்தேன். சேல்ஸ்கேர்ள் குரல், கடைக்காரச் சேட்டம்மா குரல், கத்தாரிலிருந்து அப்பா பேசுகிற குரல், எல்லாக் குரலிலும் கெஞ்சினேன். டக். எனக்கு ஆறிவிட்டது. அம்மாவுக்கு வலதில் ஆறியது, இடதில் ஆறின இடத்தில் ஒரு கடுகு. கடுகு மிளகானது, மிளகு சுண்டைக்காயானது, பளபளவென்று சிவந்து சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆகப் பார்த்தது. தொட்டால் கல். ராத்திரி பகல் அரிக்கும். வேறொரு இடத்தில் போய் வெட்டினோம், ஊசிக்கு வரச் சொன்னார்கள், இரண்டு தடவை போனாள், ஒவ்வொன்றும் காதுக்குள் தீக்குச்சி கிழித்த மாதிரி இருக்கிறது என்றாள், ஆறிட்டுல்லா, போதும் என்று நின்றுவிட்டாள். நானும் சரி என்றேன். நானும்தான் சரி என்றேன். ஏழாவது மாதம் அது நெல்லிக்காயாக இல்லை, எலுமிச்சம் பிஞ்சாக வந்தது. பட்டுப் பிரிவில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது, முகத்தைப் பார்த்தே நிறம் சொல்லுவாள், அவளைக் கூப்பிட்டு சூப்பர்வைசர், "கஸ்டமர் கண்ணு ஜரிகையப் பாக்காம காதப் பாக்குதுக்கா," என்று சொல்லிக் கீழ்த்தளத்தில் லைனிங் துணி கிழிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

வேறொன்று நின்றுபோயிற்று. முன்பெல்லாம் கடையிலிருந்து வந்ததும் அம்மா என் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்கு வந்த கஸ்டமர்களை எல்லாம் செய்து காட்டுவாள். அறுபது சேலை இறக்கச் சொல்லிவிட்டு "இதே மஞ்சள், ஆனா மஞ்சளா இருக்கக் கூடாது, அப்படி இருக்கா?" என்று கேட்கிற பெண்ணின் அம்மா, ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்கிற புருஷன், விலைச்சீட்டை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அத்தை. நான் சோற்றைத் தட்டிலேயே துப்பிச் சிரித்திருக்கிறேன். நான் குரல் எடுக்கிறேன் குரல் எடுக்கிறேன் என்று பள்ளிக்கூடமே சொல்லுகிறதே, யாருக்கும் தெரியாது, எனக்கு வருவது இரண்டாம் தரம், அசல் சரக்கு வீட்டில் இருக்கிறது. உருண்டை வந்தபிறகு அசல் வாயைத் திறக்கவில்லை. குரல் எடுக்க வேண்டுமென்றால் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும், தன் காதைப் பார்க்கிறவன் முகத்தை யாரால் பார்க்க முடியும். லைனிங் துணிக்கு முகம் கிடையாது. அதனால்தான் இந்த முறை வெட்டித் தையல் பிரித்து, முதல் ஊசி போட்டு, கிளிப்பைக் கையில் தந்து, குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் காதில் இருக்கணும், இருபத்தெட்டு நாளுக்கு ஒரு ஊசி, ஆறு ஊசி, இனி எந்த ஜென்மத்திலும் அங்கே ஓட்டை போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினபிறகு, மறுநாளே சோப்புப் பெட்டியில் கிளிப் காய்ந்து கிடப்பதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பழைய கதைதான் மறுபடியும். நான் சொன்னால், "செரி மக்கா, செரி" என்பாள், மாட்ட மாட்டாள். பெற்ற பிள்ளை சொல்லுக்கு என்ன மரியாதை. வெள்ளை உடுப்பு சொல்ல வேண்டும். அன்றைக்குத் தொட்டிக்குப் பின்னால் எமிலி சிஸ்டர் பிறந்தாள்.

எமிலி சிஸ்டரிடம் அம்மா பேசினாள். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. முதல் வாரம், "போட்டாச்சு சிஸ்டர், வைக்கட்டா சிஸ்டர்." அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. "சிஸ்டர், எனக்க மவ பயாலஜி ரெக்கார்டு எழுதாம வச்சிருக்கா, கேட்டியளா, பதினேழு வயசு, சொன்னாக் கேக்க மாட்டா." எமிலி சிஸ்டர், "பிள்ளைகள் அப்படித்தாம்மா, என்னா?" என்பாள், அன்றைக்கு சாயங்காலம் நான் பூவின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைவேன். "சிஸ்டர், அவ முருங்கக்கீரையைத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கா." மறுநாள் தின்று தொலைப்பேன். "சிஸ்டர், தெனமும் காலையில மாடிக்குப் போயி என்னமோ குசுகுசுன்னு பேசுதா, பையன் யாரும் இருக்குமோ?" எமிலி சிஸ்டர் முட்டுவலி என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டாள். இதெல்லாம் ரிஸ்வானாவுக்குச் சொல்லலாம், இதற்கெல்லாம் சிரிப்பாள். இரண்டாவது ஊசிக்கு அடுத்த வாரம் அம்மா சொன்னதைச் சொல்ல மாட்டேன். கீழே குக்கர் விசில் அடித்தது, போனிலும் அடித்தது, அது அடங்குகிறவரைக்கும் அம்மா பேசாமல் இருந்துவிட்டு, "சிஸ்டர், ஒரு காரியம் சொல்லணும், யார்ட்டயும் சொல்லல," என்றாள். "அவதான் என்னைய காது குத்தக் கூட்டிட்டுப் போனா. அதுனால நான் காதத் தொட்டாலே பிள்ளைக்க மொகம் வாடிப்போவுது. பாக்க முடியல. அவ மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர். எனக்கு அந்தப் பச்சைக்கல்லு மேல ஆசை இருந்துது. நாப்பத்தோரு வயசுல ஆசையின்னு வாயத் தொறந்து சொல்ல வெக்கம், அவளச் சாக்கு வச்சுக் குத்திக்கிட்டேன். அவ ஒரு வாரம் கெஞ்சினாளே, மொத நாளே எனக்குச் செரிதான். அவ செய்த கொரலெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கணும்னு ஒரு வாரம் இழுத்தேன். இத அவகிட்ட எப்படிச் சொல்லதுன்னு தெரியல சிஸ்டர்." எமிலி சிஸ்டர் போர்வையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "பிள்ளைக்குத் தெரியும்மா, என்னா?" என்றாள். அன்றைக்கு நான் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

அம்மாவின் கை எழுந்து காதுப் பக்கம் போகிறது. போகிறது, போகிறது, கிளிப்புக்கு ஒரு விரல் தூரத்தில் நின்று, கழுத்துச் சங்கிலியைத் திருகிவிட்டுத் திரும்பி வருகிறது. அரிக்கிறதா? நேற்று எமிலி சிஸ்டரிடம், "லேசா ஒரு சொணை இருக்கு" என்றாள். போன முறையும் லேசாக ஒரு சொணைதான். சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள், அரிப்பு, தடிப்பு, சிவப்பு தெரிந்தால் உடனே வரவும். அரிப்பு. ஆறுகிற புண்ணும் அரிக்கும், வளருகிற தழும்பும் அரிக்கும், இரண்டும் ஒரே மாதிரியா அரிக்கும், அரிப்புக்குக் குரல் இருந்தால் எடுத்துப் பார்த்துவிடலாம், எது எது என்று. வில்லைக்குள் உற்றுப் பார்க்கிறேன். தையல் போட்ட கோடு, வெள்ளரி விதை அளவுக்கு, தட்டையாக, கொஞ்சம் ரோஸ் நிறத்தில். தட்டைதான். தட்டை மாதிரித்தான் இருக்கிறது. கண்ணாடி அமுக்குவதால் தட்டையா, உண்மையாகவே தட்டையா. "என்னட்டி பாக்க?" "ஒண்ணுமில்ல." "டோக்கன் எண். முப்பத்து. ஏழு." பெரியவர் எழுந்து போனார், நாற்காலி மூன்றும் ஒரு பெருமூச்சு விட்டன. அம்மாவும் எழுந்தாள். "இரு, அந்த சிஸ்டர்ட்ட எமிலி சிஸ்டரக் கேட்டுட்டு வாறேன்." அம்மா, வேண்டாம், அம்மா, என்றது என் வாய்க்குள்ளேயே நின்றது. பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு போகிறாள். மேஜையில் இருக்கிற நர்ஸ் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அம்மா குனிந்து என்னமோ கேட்கிறாள். நர்ஸ் நெற்றியைச் சுருக்குகிறாள். முடிந்தது. அப்படி யாரும் இங்கே இல்லையேம்மா என்பாள். நர்ஸ் கையை நீட்டி வராந்தாக் கடைசியைக் காட்டுகிறாள், அம்மா அந்தப் பக்கம் போய் மறைகிறாள், நான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், எனக்கு எந்தக் குரலும் ஞாபகம் வரவில்லை, என் குரல்கூட. நான்கு நிமிஷம் கழித்து முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருகிறாள். உட்காருகிறாள். புடவையைச் சரிசெய்கிறாள். "எமிலி சிஸ்டர் இன்னைக்கு லீவாம்," என்கிறாள்.

லீவாம். லீவா? அப்படியென்றால் ஒருத்தி இருக்கிறாளா? இந்த ஆஸ்பத்திரியில் உண்மையாகவே ஒரு எமிலி இருக்கிறாளா, நான் பேரை வைத்தேன், ஆள் ஏற்கெனவே இருந்திருக்கிறாளா, கர்த்தாவே, அவளுக்கு முட்டுவலியும் இருந்தால்? "முட்டுவலியாம்," என்றாள் அம்மா. எனக்கு உச்சந்தலையில் ரோமம் எழுந்தது. நாளைக்கு அந்த எமிலி டியூட்டிக்கு வந்து, யாரோ தங்கபுஷ்பம் தேடினார்களாமே, யார் அது, நான் யாருக்கும் போன் பண்ணவில்லையே என்று ஃபைலைத் தேடி, நம்பரைத் தேடி, எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, அது அசல் குரலாக இருக்கும், அசலைக் கேட்டால் அம்மாவுக்குப் போலி தெரிந்துவிடும், அவளுக்குத் தெரியாதா, பதினாறு வருஷம் பட்டையும் பட்டு மாதிரியையும் தொட்டுப் பார்த்துப் பிரித்தவள். இன்னும் இரண்டு ஊசி இருக்கிறது. இன்றைய ஊசி இருக்கிறது. சொல்லிவிடலாமா. இப்போதே, இந்தக் கம்பி நாற்காலியில், அம்மா, எமிலி நான்தான், சும்மா விளையாட்டுக்கு, இல்லை விளையாட்டுக்கு இல்லை, நீ சோப்புப் பெட்டியில் விட்டுவிட்டாய், அதனால், நீ சொன்னது எல்லாம் நான் கேட்டுவிட்டேன், பச்சைக்கல்லையும் கேட்டுவிட்டேன். எப்படிச் சொல்லுவது. சொல்லிவிட்டால் நாளை எட்டேகாலுக்கு யார் கூப்பிடுவார்கள். அம்மா கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள், கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள், ஒற்றை விரலால் குத்திக் குத்தி எதையோ தேடினாள். "என்னம்மா பண்ணுத?" "கரண்டு பில்லு, மக்கா. மறந்துருவேன், நெனப்பு வந்தப்பமே கெட்டிரணும்." விரல் குத்துகிறது. உதடு தானாக அசைகிறது. "டோக்கன் எண். நாற்பது." அடுத்தது நாங்கள். போன ஊசிக்கு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன, வலிக்கலை மக்கா, வலிக்கவே இல்லை என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

என் பைக்குள் ஏதோ துடித்தது. பட்டன் போன். வீட்டில் விட்டால் பெருக்கும்போது கண்டுபிடித்துவிடுவாள் என்று கூடவே கொண்டுவந்திருந்தேன், செத்த போன், காலையிலிருந்து அசையாத போன், துடித்தது. பைக்குள்ளேயே ஜிப்பைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தேன். ரீசார்ஜ் ஆகிவிட்டதாம். இன்னும் இருபத்தெட்டு நாளாம். ரிஸ்வானா! கல்யாண வீட்டிலும் மறக்கவில்லை பாருங்கள், பிரியாணியை விட்டுவிட்டு எனக்காக, நாளைக்கு இரண்டு பஃப்ஸ், இல்லை மூன்று. ஆனால் கடை பூட்டு. ஆனால் போன் அணைப்பு. ரிஸ்வானா அந்தக் கண்ணை அடித்தாளே தவிர, ஆமாம் நான்தான் போட்டேன் என்று வாயால் சொன்னாளா? ஒரு தடவையாவது? தின்றாள். இரண்டு தடவையும் ஒன்றும் பேசாமல் நன்றாகத் தின்றாள். மெல்லத் தலையைத் திருப்பினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருக்கிற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் மடியில் மஞ்சள் பொட்டலத்தின்மேல் மல்லாந்து கிடந்தது. திரையில் ஒரு பச்சை டிக். அதற்குக் கீழே ஒரு நம்பர், நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற நம்பர். நம்பருக்கு மேலே அவள் போட்டு வைத்திருக்கிற பேர். எமிலி சிஸ்டர் என்று இல்லை. என் நம்பரை 'அஜி' என்று போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியும். இது 'அஜி 2'.

காக்கா. குக்கர் விசில். முருங்கைக்கீரை. முட்டுவலியாம். வராந்தாக் கடைசியில் பாத்ரூம்தான் இருக்கிறது. மஞ்சள், ஒனக்க நிறம். முதல் பேக் முடிந்த நாளே தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் அந்தப் பச்சைக்கல், அவ மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர், அதை அவள் யாரிடம் சொன்னாள், யாரிடம் சொல்லத்தான் அந்த விசில் அடங்குகிறவரைக்கும் காத்துக்கொண்டிருந்தாள். "அம்மா," என்றேன். என் சொந்தக் குரல், பயன்படுத்தாமல் துருப்பிடித்துக் கிடந்தது. "டோக்கன் எண். நாற்பத்து. ஒன்று." அம்மா எழுந்து, பொட்டலத்தை என் மடியில் வைத்து, கிளிப்பை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்தாள், தாடையைக் கழுத்துக்குள் கொஞ்சம் இழுத்தாள், முட்டு வலிக்கிறவள் மாதிரி ஒரு காலைச் சாய்த்து நின்றாள், நான் ஒருநாளும் யோசிக்காத சாய்வு அது. "அஜிஷாம்மா," என்றாள், "நாளைக்கு எட்டேகாலுக்குக் கூப்பிடணும், என்னா?"

என் எமிலியைவிட அவள் எமிலி நன்றாக இருந்தாள்.